பதினோரு பேருக்குச் சொல்ல வேண்டியது

ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு நாற்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. வயது இடம் மாறி அச்சாகிவிட்டதோ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அப்படித்தான் இருந்தது.

சீடரின் பெயர் நாச்சிமுத்து. முப்பது வருடம் புள்ளியியல் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அவரை ஆராய்ச்சி வழிகாட்டு மையத்துக்கு ஆலோசகராக அனுப்பினார்கள். மையத்தின் இயக்குநர் பேராசிரியர் மெஹருன்னிசாதான் குரு. தாவரவியல் படித்தவர். பேச்சில் படு சிக்கனம். இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு மூன்றாவது வார்த்தையை அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

தேர்வுத் துறை ஒரு காலத்தில் பழைய விடைத்தாள்களை அடுக்கிவைத்திருந்த மாடிதான் மையம். இரண்டு அறைகள், நான்கு ஆலோசகர்கள், ஒரு கண்காணிப்பாளர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு நடுவழியில் நிற்பவர்கள் அங்கே வருவார்கள். சொந்த நெறியாளரிடம் கேட்கக் கூச்சமாக இருப்பதை இங்கே கேட்கலாம். யாரும் திட்ட மாட்டார்கள்.

சேர்ந்த அன்றைக்கே நாச்சிமுத்து இயக்குநரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், வகுப்புன்னா பரீட்சை வெச்சுப் பார்த்துக்கலாம். இங்க நான் சொல்றது நல்ல ஆலோசனையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ஃபாரத்தை முழுசா நிரப்புங்க சார்."

நாச்சிமுத்துவுக்குச் சப்பென்று போய்விட்டது. முப்பது வருடம் பாடம் நடத்தியவன் கேட்ட கேள்விக்கு இதுதானா பதில் என்று நினைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

ஃபாரம் என்றால் ஒரு மஞ்சள் தாள். ஆராய்ச்சி மாணவர் எழுந்து போனதும், அவருக்கு என்ன ஆலோசனை சொன்னோம் என்று ஆலோசகர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு கட்டங்கள். பெயர், துறை, சிக்கல், ஆலோசனை என்று ஒழுங்காக வந்து, ஐந்தாவது கட்டத்தில் ஒரு விசித்திரமான கேள்வி இருக்கும். 'இந்த ஆலோசனையால் விடுபடுகிறவர் யார்? அது அவருக்குத் தெரியுமா?'

மற்ற மூன்று ஆலோசகர்களும் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். நாச்சிமுத்துவும் அப்படித்தான் செய்தார்.

"இதை யார் வெச்சது?" என்று ஒருநாள் கண்காணிப்பாளர் சூசைராஜிடம் கேட்டார்.

"மேடம்தான்."

"எதுக்காம்?"

"நான் கேட்டதில்லைங்க சார். அவங்க சொன்னதில்லை. ஏழு வருஷமா ரெண்டு பேரும் சமாதானமா இருக்கோம்."

மூன்றே மாதத்தில் நாச்சிமுத்துவுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. 'பத்து நிமிட நாச்சிமுத்து' என்றே விடுதியில் பேசிக்கொண்டார்கள். எந்தச் சிக்கலோடு போனாலும் பத்து நிமிடத்தில் அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடுவார். அவர் அறைக்கு வெளியே போட்ட நான்கு நாற்காலியும் எப்போதும் நிறைந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. நியாயமான குளிர்ச்சிதான், உழைத்துச் சம்பாதித்தது.

அப்படி ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் தமயந்தி. முப்பத்தாறு வயது. கிராம சுகாதார செவிலியர். வேலை பார்த்துக்கொண்டே ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறார். கையில் ஒரு மடிக்கணினி, முகத்தில் சரியான தூக்கம் இல்லாத களை.

"கடைசி நீட்டிப்புங்க சார்" என்றார். "இன்னும் பத்து நாள்ல சினாப்சிஸ் மீட்டிங். ஆய்வோட சுருக்கத்தைக் குழு முன்னாடி வெச்சே ஆகணும். இல்லேன்னா பதிவு ரத்துங்க சார்."

"என்ன ஆய்வு?"

"நூல் மில்லுல வேலை பார்க்குற பொம்பளைங்க. நாலு மில்லு, நூத்தி எண்பது பேர். எல்லாருக்கும் ரத்தசோகை. நூறு நாள் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தேனுங்க சார். முன்னாடியும் பின்னாடியும் ரத்தம் அளந்தேன். மாத்திரை ஒழுங்காப் போட்டவங்களுக்கு ரத்தம் ஏறியிருக்கணும்."

"ஏறலையா?"

"ஏறியிருக்கு. ஆனா கோடு சரியா வர மாட்டேங்குது. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு கைடு சொல்லிட்டாருங்க."

நாச்சிமுத்து எண்களைத் திரையில் ஓடவிட்டார். அவர் கண்ணுக்கு முப்பது வருடப் பழக்கம். நூற்று அறுபத்தொன்பது பேர் வரிசையாக, சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கிறார்கள். பதினோரு பேர் மட்டும் முரண்டு பிடிக்கிறார்கள். நூறு மாத்திரையும் போட்டதாகப் பதிவு இருக்கிறது, ரத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நூற்று எழுபதாம் வரிசையிலிருந்து நூற்று எண்பது வரை, ஒட்டுமொத்தமாக ஒரே இடத்தில்.

"இவங்க எல்லாரையும் ஒரே நாள்ல அளந்தீங்களா?"

"ஆமாங்க சார்."

"அப்ப அன்னிக்குக் கருவி தப்பு. தெளிவாத் தெரியுது. இந்தப் பதினொண்ணையும் நீக்கிடுங்க. ஏன் நீக்கினோம்னு ரெண்டு வரி எழுதிடலாம்."

அவரே பதினோரு வரிசையையும் விலக்கிக் கணக்கைப் போட்டுக் காட்டினார். கோடு நிமிர்ந்து நின்றது. மணி பார்த்தார், ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

தமயந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல் வாயைத் திறந்தார். பிறகு, "ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நாச்சிமுத்து மஞ்சள் தாளை இழுத்தார். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் வழக்கம்போல் கோடு இழுக்கப் போனவர் நின்றார். எண் விஷயத்தில் பொய் எழுத அவர் கைக்குப் பழக்கமில்லை. விடுபடுகிறவர் யார் என்றால் இந்தத் தடவை அதற்கு உண்மையிலேயே ஒரு விடை இருந்தது. எழுதினார். '11 பேர். தெரியாது.'

மறுநாள் காலையில் சூசைராஜ் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனார்.

"மேடம், அஞ்சாவது கட்டத்துல ஒரு நம்பர் வந்திருக்கு."

ஐந்து நிமிடத்தில் நாச்சிமுத்துவுக்கு அழைப்பு வந்தது.

"பதினோரு பேர்னு எழுதியிருக்கீங்க" என்றார் மெஹருன்னிசா.

"ஆமா மேடம். நூத்தி எண்பதுல பதினொண்ணு. ஒண்ணும் பெரிய சேதாரம் இல்லை."

"தெரியாதுன்னும் எழுதியிருக்கீங்க."

"உண்மை அதுதானே? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லிட்டு வாங்க."

நாச்சிமுத்து சிரித்தார். மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

"மேடம், எந்த ஊர்லயாவது இப்படி ஒரு வழக்கம் உண்டா? கணக்குல ஒருத்தரை எடுத்தா அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்னு?"

"இங்க உண்டு. இது வரைக்கும் யாரும் நம்பர் எழுதலை. நீங்க எழுதியிருக்கீங்க."

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் மேடம் இருக்கு. ஆறு வருஷ உழைப்பு. நான் அவங்களைக் கரையேத்தப் பார்க்கறேன், நீங்க என்னை ஊர் சுத்தப் போகச் சொல்றீங்க."

"ரெண்டு மணி நேர பஸ் பயணம் சார். இன்னிக்கே போனா ஒரு நாள்தான் செலவு."

"போய் என்னத்தைச் சொல்றது?"

"நீங்க எழுதினதைத்தான்."

அறையை விட்டு வெளியே வந்தபோது நாச்சிமுத்துவின் காது சூடாகியிருந்தது. நேர்மையாக எழுதியதற்கு இது ஒரு தண்டனையா? கோடு இழுத்த மற்ற மூன்று பேரும் மின்விசிறிக்கு அடியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சொல்லிவிட்டு வந்து, 'சொல்லியாச்சு மேடம், தலையாட்டினாங்க மேடம், ஒரு நாள் வீண் மேடம்' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். கோபத்தில்தான் தமயந்திக்குப் போன் செய்தார்.

அந்தப் பதினோரு பேரிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

"போய்த்தான் ஆகணுங்களா சார்?" என்றார் தமயந்தி.

"மேடம் உத்தரவு."

"நாலு மணி இடைவேளைல மட்டும்தாங்க சார் அவங்களைப் பார்க்க முடியும். கால் மணி நேரம்."

அந்தப் பதினோரு பேரும் ஒரே மில்லில், சின்ன மில்லில், வேலை பார்ப்பவர்கள் என்பது பஸ்ஸில் போகும்போதுதான் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. தமயந்தி ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தார். நாச்சிமுத்து மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். 'உங்களை விலக்கியிருக்கிறோம்.' நன்றாக இல்லை. 'உங்கள் அளவுகள் ஏற்கத்தக்கவையாக இல்லை.' அதைவிட மோசம். முப்பது வருடமாக எத்தனையோ ஆயிரம் எண்களிடம் கூசாமல் சொன்னதை ஒரு மனுஷியிடம் சொல்ல நல்ல தமிழில் ஒரு வாக்கியம் கிடைக்காமல் திண்டாடினார்.

மில் வாசலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. நான்கு மணிக்குச் சங்கு ஊதியதும் பெண்கள் வந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள். தமயந்தியைப் பார்த்ததும் எல்லார் முகமும் மலர்ந்தது.

"வாங்க நர்சம்மா! எத்தனை நாளாச்சு. இவரு யாருங்க, டாக்டருங்களா?"

"வாத்தியாருங்க்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

பதினோரு ஜோடிக் கண்ணும் நாச்சிமுத்து மேல் திரும்பின. ஐந்நூறு பேர் உட்கார்ந்த அரங்கில் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசியவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்மா, உங்க ரத்தத்தை அளந்தாங்கல்ல... அந்தக் கணக்கைத்தான் நான் பார்த்தேன். அதுல உங்க பதினோரு பேரையும்... விட்டுடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர்களில் மூத்தவள் மயிலாத்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?"

"தப்பெல்லாம் இல்லைம்மா. உங்க அளவு மத்தவங்க மாதிரி வரலை. அவ்வளவுதான்."

"பெயிலுங்களா?" என்றாள் ஒரு சின்னப் பெண். இரண்டு பேர் சிரித்தார்கள். மயிலாத்தாள் சிரிக்கவில்லை.

"நூறு நாளும் ஒண்ணு விடாமத் தின்னோமுங்க. இப்பவும் நிறுத்தலை, ஆஸ்பத்திரில வாங்கியாந்து தின்னுக்கிட்டுத்தான் இருக்கறோம். நர்சம்மா சொன்னா நாங்க தட்ட மாட்டோம். இந்தாங்க, பாருங்க."

அவள் இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். அதற்குள் மில் பையன்கள் இறக்கிவைத்த கேனிலிருந்து டீ டம்ளர்கள் கைமாறி வந்துகொண்டிருந்தன. டீயை ஒரு மிடறு குடித்து மாத்திரையை விழுங்கினாள். மற்றவர்களும் அப்படியே விழுங்கினார்கள்.

நாச்சிமுத்துவுக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. தமயந்தியைத் தற்செயலாகப் பார்த்தார். தமயந்தியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"டீயிலயாக்கா போடறீங்க?" என்றார் தமயந்தி.

"பின்ன? இங்கத்த தண்ணிய வாயில வைக்க முடியுமா கண்ணு? உப்பு. டீன்னா கசப்பும் தெரியாது."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லருந்தே அப்படித்தான்."

நாச்சிமுத்து தமயந்தியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"என்னம்மா? என்ன விஷயம்?"

"டீயோட போட்டா இரும்புச்சத்து உடம்புல சரியாச் சேராதுங்க சார். டீயில இருக்கறது அதைப் பிடிச்சு வெச்சுக்கும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நர்ஸ் டிரெய்னிங்ல மொத மாசமே சொல்லிக் குடுப்பாங்க சார். மத்த மூணு மில்லுலயும் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் தண்ணியோட போடப் பழக்கினேன், முறை வெச்சுப் போய் என் கண்ணாலயே பார்த்தேன். இங்க நாலு மணிக்குத்தான் விடுவோம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எனக்கு அஞ்சு மணிக்கு வேற ஊர்ல தடுப்பூசி வேலை. வாரம் ஒருதடவை மாத்திரையை சூப்பர்வைசர்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பிடுவேன். போட்டாங்களான்னு கேட்பேன், போட்டோம்பாங்க. டிக் போட்டுக்குவேன். முழுங்கறதை ஒருநாள்கூட நின்னு பார்க்கலைங்க சார்."

"நேத்து அந்தப் பதினோரு வரிசையைக் காட்டினப்ப எல்லாரும் ஒரே மில்லுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க சார்."

"ஏம்மா அப்பவே சொல்லலை?"

தமயந்தியின் கண் நிறைந்துவிட்டது. "என்னமோ தப்பு நடந்திருக்குன்னு மனசுக்குப் பட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க நீக்கிடுங்கன்னு சொன்னீங்க. எனக்கு நிம்மதியா இருந்துச்சு சார்."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இந்தப் பதினோரு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் போதும். பத்தாவது நிமிடத்தில் அதற்கு இடம் இருந்தது. அவர் மணி பார்த்துவிட்டார். அந்த இடத்திலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வருகிற வெட்கம் லேசில் போகாது.

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பி நடந்தார். நாச்சிமுத்து அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்ன சொல்வார்?

"அக்கா, மாத்திரையை டீயில போடக் கூடாதுங்க்கா. போட்டா உடம்புல சேராது."

மயிலாத்தாள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளாத் தின்னது?"

"பெரும்பாலும் வீணுங்க்கா. தப்பு என்னுது. நான் நின்னு பார்த்திருக்கணும். பார்க்காமப் போயிட்டேன்."

நாச்சிமுத்து வசவு விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்தாலும் அது நியாயம்தான்.

"ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா எங்ககூட ஒரு டீ குடிச்சிருக்கலாமில்ல?" என்றாள் மயிலாத்தாள். பிறகு, "அதான் இன்னும் மாடிப்படி ஏறுனா எனக்குக் கண்ணைக் கட்டுது. வயசாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

"இனி எப்பங்க போடறது?" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

தமயந்தி சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுத் தண்ணீரில். டீக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. எலுமிச்சம்பழம் கிடைத்தால் கொஞ்சம் சாறு. ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கால் மணி நேரம் முடிந்து சங்கு ஊதியது. எல்லாரும் டம்ளரைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். மயிலாத்தாள் மட்டும் நாச்சிமுத்துவின் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க வாத்தியாரே, இப்ப நாங்க கணக்குல உண்டுங்களா, இல்லீங்களா?"

"உண்டும்மா" என்றார் நாச்சிமுத்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தமயந்தி பேசிக்கொண்டே வந்தார். பயம் இருந்தது, ஆனால் வாய் மூடவில்லை. நான்கு மில்லிலும் மாத்திரை எப்படி, எப்போது, எதோடு கொடுக்கப்பட்டது என்று இனிமேல் எழுத வேண்டும். யாருக்கு விழுங்குவதைப் பார்த்தோம், யாருக்குப் பார்க்கவில்லை என்றும் எழுத வேண்டும். எழுதினால் தன் குறை தெரிந்துவிடும். எழுதாமல் முடியாது.

மறுநாள் நாச்சிமுத்து இயக்குநர் அறைக்குப் போனார். முந்தின நாள் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் இப்போது உதவவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் ஒன்பது நிமிடத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்.



"இன்னும் எட்டு நாள்தான் மேடம். அவங்களால முடியுமான்னு தெரியலை. அந்த அத்தியாயத்தை நான் எழுதிக் குடுத்துடட்டுமா? ஒரே ராத்திரி வேலை."

"கொட்டகையில அந்தம்மா கேட்டப்ப யார் பதில் சொன்னது?"

"தமயந்திதான்."

"குழுவும் அவங்களைத்தானே கேட்கும்?"

நாச்சிமுத்து எழுதவில்லை. தமயந்தி எழுதினார். செவிலியர் வேலையை முடித்துக்கொண்டு தினமும் சாயங்காலம் மையத்துக்கு வந்து எழுதினார். சில நாள் ஒரு பக்கம், சில நாள் நான்கு வரி. மில் வாரியாகப் பிரித்துக் கணக்குப் போடுவது எப்படி என்று கேட்டார், நாச்சிமுத்து காட்டினார். அது அவர் வேலை. மற்றபடி எதிரில் உட்கார்ந்து, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொன்னார். கை பரபரத்தது, அடக்கிக்கொண்டார். வாசலில் போட்ட நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பத்து நிமிட நாச்சிமுத்துவுக்கு என்ன வந்தது என்று விடுதியில் ஒரே ஆச்சரியம்.

சினாப்சிஸ் மீட்டிங் அன்று அரங்கில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். குழுவில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவரும் புள்ளியியல்காரர்தான். தமயந்தி பேசி முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இந்தப் பதினோரு பேர்தான் உங்க முடிவையே கெடுக்கறாங்க. நீக்கியிருந்தா அழகா வந்திருக்குமே. யாரும் உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து தலை நிமிர்ந்தார். தன் வாயில் வந்த அதே வார்த்தைகள். ஆறு வருடம் இந்த ஒரு கேள்வியில் போய்விடக்கூடும். எழுந்து பதில் சொல்லிவிடலாமா என்று நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

"சொல்லித் தந்தாங்க சார்" என்றார் தமயந்தி. "நீக்கியும் பார்த்தேன். அழகாத்தான் வந்துச்சு. அப்புறம் அவங்களைப் போய்ப் பார்த்தோம். மாத்திரையை அவங்க டீயில விழுங்கியிருந்தாங்க. நான் பக்கத்துல இருந்து பார்க்கலை, அது என் தவறு, மூணாம் அத்தியாயத்துல எழுதியிருக்கேன். மாத்திரை குடுத்தா ரத்தம் ஏறும்னு நிரூபிக்கத்தான் ஆரம்பிச்சேன் சார். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். குடுத்தது எப்ப வீணாப் போகும்னு இந்தப் பதினோரு பேராலதான் எனக்குத் தெரிஞ்சுது."

வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினார். நிதானமாகப் படித்தார்.

"இப்ப அவங்க எதுல போடறாங்க?"

"தண்ணியிலங்க சார். ஒம்பது நாளாச்சு. நான் ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"நூறு நாள் முடிஞ்சதும் மறுபடி அளந்து, அதையும் ஆய்வேட்டுல சேருங்க. தலைப்பை மாத்திக்குங்க. இந்தத் தலைப்பு உங்க ஆய்வுக்குச் சின்னதா இருக்கு." அவர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் தலையசைத்தார்கள். கையெழுத்துப் போட்டார்.

தமயந்தி மேடையை விட்டு இறங்கியதும் யார் யாரோ கை கொடுத்தார்கள். அவர் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். மணி மூன்றே முக்கால். மில்லில் சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம்.

தாழ்வாரத்தில் நாச்சிமுத்துவும் மெஹருன்னிசாவும் சேர்ந்து நடந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் புள்ளியியல்காரர் புத்தி ஒரு சந்தேகத்தை விடாமல் நச்சரித்தது.

"மேடம், டீ விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"ஏதாவது சந்தேகமாவது இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப இது அதிர்ஷ்டம்தானே? நூத்துல ஒண்ணு அப்படி அமையும். நான் சொன்னதே சரியா இருந்திருந்தா? அன்னிக்கு நெஜமாவே கருவிதான் தப்பா இருந்திருந்தா, ஒரு நாளை வீணாக்கிட்டு, அவங்களையும் சங்கடப்படுத்திட்டு, வெறுங்கையோட வந்திருப்போமே."

மெஹருன்னிசா நின்றார். இந்தத் தடவை அவர் இரண்டு வார்த்தையோடு நிறுத்தவில்லை.

"கருவி தப்புன்னா, அந்தப் பதினோரு பேருக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு இன்னும் யாருக்குமே தெரியாது சார். அப்பவும் போகத்தானே வேணும்?"